சீட் சூடாகவில்லையா? சீட்டை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்

ஜப்பானிலிருந்து வந்த வாகனம் ஒன்றை வாங்கும்போது நம்மவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? மைலேஜைப் பார்க்கிறார்கள். ஏல அறிக்கையைக் கேட்டு வாங்குகிறார்கள். பொனட்டைத் திறந்து என்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள். ஏசி குளிர்கிறதா என்று கையை நீட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு கதிரையின் படமும் அதன்மேல் மூன்று வளைந்த கோடுகளும் போட்ட சிறிய சுவிட்ச் ஒன்று இருப்பதை அநேகமானோர் கவனிப்பதே இல்லை. அதுதான் சீட் ஹீட்டர் சுவிட்ச்.

"கொழும்பு வெயிலில் வியர்த்து வழிகிற நமக்கு சீட்டைச் சூடாக்கி என்ன பிரயோசனம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், ஜனவரி மாத அதிகாலையில் புல்லின் மீது உறைபனி படிந்திருக்கும்போது மரக்கறி லொறிகளுக்கு முன்னால் தம்புள்ளைக்குக் கிளம்பும் வியாபாரியிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்து இடுப்பு வலியோடு இருப்பவரிடமும் கேளுங்கள். அவர்கள் இந்தச் சுவிட்சைத் தேடித்தான் வாகனம் வாங்குகிறார்கள்.

கண்டி - மாத்தளை வீதியில் சிறியதொரு ஓட்டோ எலக்ட்ரிக்கல் கடையை இருபது வருடங்களுக்கும் மேலாக நடத்தி வருபவன் நான். மலைநாட்டு வாகனங்கள் என்னிடம் அதிகம் வருவதால் சீட் ஹீட்டர் முறைப்பாடுகளும் அதிகம் வருகின்றன. இந்தச் சிறிய பகுதியால் ஒரு வியாபாரம் முறியப் பார்த்ததையும், ஒரு மனிதர் தீக்காயம் பட்டதையும் நான் அறிவேன். ஆகவே வாகனம் விற்போர், வாங்குவோர், கராஜ் நடத்துவோர், உதிரிப்பாகக் கடை வைத்திருப்போர் ஆகிய நால்வருக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எங்கிருந்து வந்தது?

சீட்டுக்குள் மின்சாரச் சூடு என்பது புதிய விடயமல்ல. அமெரிக்காவின் காடிலாக் வாகனங்களில் 1966 ஆம் ஆண்டு மொடலிலேயே இது கிடைத்தது. குளிர் நாடான சுவீடனின் சாப் கம்பனி 1972 இல் சாரதி ஆசனத்துக்கு இதைப் பொருத்தத் தொடங்கியது. ஜப்பானில் ஹொக்கைடோ போன்ற பனிப் பிரதேசங்களுக்கென்று தனியாகத் தயாரிக்கப்படும் குளிர்ப் பிரதேச வாகனங்களில் இது சாதாரணம். வெகன் ஆர், ஹஸ்லர், வெசல், ரைஸ் என்று நம் வீதிகளில் ஓடும் ஜப்பானிய வாகனங்களின் பல தரங்களிலும் இது இருக்கிறது.

மின்சார வாகனங்களில் இதற்கு வேறொரு மதிப்பும் உண்டு. வாகனத்தின் உட்புறம் முழுவதையும் சூடாக்க கிலோவொட் கணக்கில் மின்சாரம் போகும். ஒரு சீட்டைச் சூடாக்கவோ சில பத்து வொட்களே போதும். பெட்டரியில் மிச்சமாவது கூடுதலாக ஓடும் தூரம். எனவே இந்தப் பகுதி இனி நமது கராஜ்களுக்கு வரும் அளவு கூடுமே தவிரக் குறையாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் இருந்த வாகனத்தையே பழுது பார்த்துப் பார்த்து ஓட்டப் பழகினோம். திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலையைப் பார்த்து, பழையதை நன்றாக வைத்துக் கொள்வதே இலாபம் என்று நினைப்பவர்கள் பலர். பழுதைச் சரியாகக் கண்டுபிடிப்பவனுக்கு இது நல்ல காலம். சாமானை மாற்றி மாற்றிப் பார்ப்பவனுக்கு இது கெட்ட பெயர் வாங்கும் காலம்.

உள்ளே என்ன இருக்கிறது?

சீட்டின் மேலுறைக்கும் பஞ்சுக்கும் இடையில் ஒரு மெல்லிய விரிப்பு இருக்கிறது. அதில் எதிர்ப்பு வயர் பாம்பு போல வளைத்து வளைத்துத் தைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் வயருக்குப் பதிலாகக் காபன் இழைகள் இருக்கும். உட்காரும் பகுதிக்கு ஒன்று, முதுகுப் பகுதிக்கு ஒன்று என இரண்டு விரிப்புகள். வீட்டில் இருக்கும் மின் அழுத்தியைப் போலத்தான் இதுவும் வேலை செய்கிறது. ஆனால் 12 வோல்ட்டில், மெதுவாக.

பெட்டரியிலிருந்து பியூஸ், பியூஸிலிருந்து ரிலே அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டி, அங்கிருந்து சீட்டுக்குக் கீழே உள்ள பிளக், பிளக்கிலிருந்து விரிப்பு, விரிப்பிலிருந்து பொடி ஏர்த். மின்சாரத்தின் பாதை இவ்வளவுதான். சூடு அளவை மீறாமல் பார்த்துக் கொள்ள, பழைய வகைகளில் சூடானதும் தானாகத் திறந்து கொள்ளும் தேர்மோஸ்டட் ஒன்று பஞ்சுக்குள் இருக்கும். புதியவற்றில் சூடு கூடக் கூட எதிர்ப்புக் குறையும் சிறிய சென்சர் ஒன்று இருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதைப் பார்த்து மின்சாரத்தைக் கூட்டும், குறைக்கும்.

ஒரு சின்னக் கணக்கை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். விரிப்பின் மொத்த எதிர்ப்பு 3 ஓம் என்று வைப்போம். என்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட். அப்படியானால் போகும் மின்சாரம் 4.6 அம்பியர். கிடைக்கும் சூடு சுமார் 63 வொட். இந்தக் கணக்கு தெரிந்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது. ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

முறியப் பார்த்த வியாபாரம்

எங்கள் பகுதியில் வாகனம் வாங்கி விற்கும் ஒருவர், நுவரெலியாவில் உள்ள ஒரு மொத்த வியாபாரிக்கு ஒரு வாகனத்தைக் கொடுத்தார். சீட் ஹீட்டர் இருக்கிறது என்று சொல்லியே கொடுத்தார். வாங்கியவரும் அதற்காகவே எடுத்தார். இரண்டு வாரத்தில் சாரதி சீட் வெதுவெதுப்போடு நின்று விட்டது. பிறகு அதுவும் இல்லை. ஒரு கராஜில் காட்டியிருக்கிறார்கள். "சீட்டுக்குள் எரிந்து விட்டது, முழு சீட்டையும் மாற்ற வேண்டும்" என்று சொல்லி விட்டார்கள். பஞ்சிகாவத்தையில் அதே நிறத்தில், அதே தரத்தில் சீட் தேடினால் விலை தலையைச் சுற்றுகிறது. வாங்கியவர் கோபத்தில் தொலைபேசியில் கத்துகிறார். விற்றவர் என்னிடம் வந்தார்.

"நானா, சீட்டுக்குக் காசு குடுத்தா எனக்கு இந்த வாகனத்துல ஒண்ணும் மிஞ்சாது. குடுக்காட்டி அந்த மனுசன் இனி என்கிட்ட வாகனம் எடுக்க மாட்டார். அவர்ட ஆக்களும் எடுக்க மாட்டாங்க."

"முதல்ல வாகனத்தக் கொண்டு வாங்க தம்பி. சீட்டா, வயரா எண்டு தெரியாம நாம ஏன் சீட்டுக்கு விலை பேசணும்?" என்றேன்.

வாகனம் வந்தது. சீட்டைக் கழற்றாமலே, கீழிருந்த பிளக்கில் மீட்டரை வைத்ததும் விடயம் புரிந்தது. விரிப்பில் ஒரு குறையும் இல்லை. பிளக்கின் ஏர்த் ஊசி பச்சை பிடித்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தது. எப்போதோ கொட்டிய தேநீரோ குளிர்பானமோ தரைவிரிப்பு வழியாக அங்கே இறங்கியிருக்கிறது. ஊசி ஒன்றையும் இரண்டு அங்குல வயரையும் மாற்றியதில் வேலை முடிந்தது. என்னுடைய கூலி, அவர்கள் கேட்ட சீட்டின் விலையில் பத்தில் ஒன்றுகூட இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. முதலில் பார்த்த கராஜ்காரரும் மீட்டர் வைத்துத்தான் பார்த்தார். பிளக்கைக் கழற்றி, வயர் முனைகளில் வைத்துப் பார்த்திருக்கிறார். 13 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "கரண்ட் வருகிறது, ஆகவே சீட்தான் பழுது" என்று முடிவு செய்து விட்டார். அவரைப் போல முடிவு செய்பவர்கள் அநேகர். இந்த முடிவு ஏன் பிழை?

மீட்டர் மின்சாரத்தை இழுப்பதில்லை. அதனால் ஊசி பாதி அரித்துப் போயிருந்தாலும் மீட்டருக்கு முழு வோல்ட்டும் தெரியும். சீட் இழுக்கத் தொடங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். மேலே சொன்ன கணக்கையே எடுங்கள். அரித்த ஊசியில் 1 ஓம் எதிர்ப்பு இருக்கிறது என்று வைப்போம். 3 ஓம் விரிப்போடு சேர்ந்து 4 ஓம். இப்போது போகும் மின்சாரம் 3.45 அம்பியர் மட்டுமே. விரிப்புக்குக் கிடைப்பது சுமார் 36 வொட். அதாவது சூடு கிட்டத்தட்டப் பாதி. மீதியில் 12 வொட், அந்தச் சின்ன ஊசியிலேயே சூடாக வெளியாகிறது. பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? வெதுவெதுப்பாக இருந்து, பிறகு முற்றாக நின்றதற்குக் காரணம் இதுதான்.

கைவைக்கும் முன்

இனி முறையாகப் பார்ப்போம். ஆனால் அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இக்கால வாகனங்களில் சீட்டின் பக்கவாட்டில் எயார்பேக் இருக்கும். சீட்டுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் தெரியும் பிளக் அதற்குரியது. அதில் மீட்டரை வைக்கவே கூடாது. சீட்டைக் கழற்றுவதாக இருந்தால் சாவியை எடுத்து, பெட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, அந்த வாகனத்தின் கைநூல் சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். பயணிகள் சீட்டில், ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சரும் இருக்கலாம். அதையும் நசுக்கி விடக்கூடாது. ஹைபிரிட், மின்சார வாகனங்களில் செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் வோல்ட். நமது வேலைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆறு படிகள்

முதலாவது, வாடிக்கையாளரிடம் கேளுங்கள். ஒரேயடியாக நின்றதா, மெல்ல மெல்லக் குறைந்ததா? உட்காரும் பகுதியா, முதுகா, இரண்டுமா? சீட்டை முன்னே பின்னே தள்ளினால் வருகிறதா? அண்மையில் சீட் கவர் போட்டீர்களா? தண்ணீர் புகுந்ததா? இந்த ஐந்து கேள்விகளுக்கும் காசு செலவில்லை. பாதி விடை இங்கேயே கிடைக்கும்.

இரண்டாவது, பியூஸ். கண்ணால் பார்த்து விட்டு மூடி விடாதீர்கள். இக்னிஷனைப் போட்டு, பியூஸின் இரு பக்கங்களிலும் டெஸ்ட் லேம்பை வையுங்கள். இரு பக்கமும் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் பியூஸ் போய் விட்டது. இரு பக்கமும் எரியாவிட்டால் பழுது அதற்கும் முன்னால் இருக்கிறது.

மூன்றாவது, சுவிட்சின் விளக்கு. அழுத்தியதும் எரிந்து அப்படியே நின்றால், சுவிட்ச் வரை மின்சாரம் வந்திருக்கிறது. எரிந்து சில விநாடிகளில் தானாக அணைந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டி ஏதோ ஒரு குறையைக் கண்டு தன்னைத் தானே நிறுத்திக் கொள்கிறது என்று சந்தேகிக்கலாம். விரிப்பு அறுந்திருக்கலாம், சென்சர் போயிருக்கலாம். பெட்டியே பழுது என்று உடனே தீர்ப்புச் சொல்லி விடாதீர்கள்.

நான்காவது, சீட்டுக்குக் கீழே உள்ள பிளக். இதைக் கழற்றாமல், மாட்டியபடியே, பின்புறமாக மீட்டர் ஊசியைச் செருகிப் பாருங்கள். கழற்றி விட்டால் சென்சரும் சேர்ந்து கழன்று விடும். பெட்டி மின்சாரத்தை நிறுத்தி விடும், நீங்கள் ஏமாந்து போவீர்கள். என்ஜினை ஓட விட்டு, ஹீட்டரைக் கூடிய அளவில் போட்டு, விரிப்புக்குப் போகும் இரண்டு வயர்களுக்கும் இடையில் வோல்ட்டைப் பாருங்கள். மூன்று விடைகள்தான் வர முடியும்.

முழு வோல்ட்டும் இருந்தும் சீட் சூடாகவில்லையா? விரிப்பு அறுந்திருக்கிறது. 10, 11 என்று குறைந்து நிற்கிறதா? வழியில் எங்கோ மூட்டு ஒன்று கெட்டிருக்கிறது. ஒன்றுமே இல்லையா? மீட்டரின் கறுப்பு ஊசியை வாகனத்தின் பொடியில் வைத்து ஒவ்வொரு வயராகப் பாருங்கள். இரண்டு வயரிலும் 13 காட்டினால், மின்சாரம் விரிப்பைத் தாண்டி வந்தும் திரும்பிப் போக வழியில்லை, அதாவது ஏர்த் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் இல்லாவிட்டால் ரிலே, பெட்டி, வயர் என்று முன்னால் தேட வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். சில வாகனங்களில் பெட்டி மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாகக் கொடுக்கும். வேறு சிலவற்றில் மைனஸ் பக்கத்தைத்தான் திறந்து மூடும். அவ்வாறானவற்றில் மீட்டர் விசித்திரமான எண்களைக் காட்டும். அதனால்தான் வயரிங் படத்தைப் பார்த்து விட்டு வேலை செய்வது நல்லது.

ஐந்தாவது, விரிப்பின் எதிர்ப்பு. இப்போது ஹீட்டரை நிறுத்தி, சாவியை எடுத்து, ஹீட்டரின் பிளக்கைக் கழற்றி ஓம் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு ஓமிலிருந்து சில ஓம் வரைதான் இருக்கும். எல்லையற்றது என்று காட்டினால் அறுந்து விட்டது. சரியான எண் என்ன என்று தெரியாவிட்டால் என்ன செய்வது? கைநூல் தேடி அலைய வேண்டாம். பக்கத்து சீட்டிலும் ஹீட்டர் இருந்தால் அதையே அளந்து பாருங்கள். நல்ல சீட்தான் உங்கள் கைநூல். சென்சரையும் இப்படியே ஒப்பிடலாம். இரண்டு சீட்டும் ஒரே குளிரில் இருக்கும்போது இரண்டு சென்சரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும்.

ஆறாவது, பியூஸ் எரிந்து கொண்டே இருந்தால். பியூஸ் பெட்டி பெட்டியாக வாங்கி எரிக்க வேண்டாம். பியூஸ் இருக்கும் இடத்தில் 55 வொட் ஹெட்லைட் பல்ப் ஒன்றை வயர் வைத்து இணையுங்கள். எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். சீட் பிளக்கைக் கழற்றியதும் அணைந்தால் ஷோர்ட் சீட்டுக்குள். கழற்றியும் எரிந்தால் ஷோர்ட் வழி வயரில். பல்ப் எரிய, சீட்டை முன்னே பின்னே தள்ளுங்கள். தண்டவாளத்தில் வயர் நசுங்கியிருந்தால் பல்ப் கண் சிமிட்டும். அந்த இடத்தைப் பாருங்கள்.

மேலே சொன்னவற்றோடு பழைய வகைக்கு ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. அவற்றில் சிலவற்றில் குறைந்த சூட்டுக்கு இரண்டு விரிப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகவும், கூடிய சூட்டுக்கு இரண்டும் பக்கம் பக்கமாகவும் இணையும். ஒவ்வொன்றும் 4 ஓம் என்றால் குறைந்த அளவில் சுமார் 24 வொட், கூடிய அளவில் சுமார் 95 வொட். இப்போது ஒருவர் வந்து, "லோவில் ஒன்றுமே இல்லை, ஹையில் போட்டால் முதுகு மட்டும் சுடுகிறது" என்று சொன்னால், ஒரு ஆணியைக்கூடக் கழற்றாமலே உட்காரும் பகுதியின் விரிப்பு அறுந்திருக்கிறது என்று சொல்லி விடலாம்.

ஏன் அறுகிறது?

என் கடைக்கு வருவனவற்றில் உட்காரும் பகுதிதான் அதிகம் போகிறது. பின் சீட்டில் சாமானை எடுக்க முழங்காலை ஊன்றுவது, பிள்ளைகள் ஏறி நின்று குதிப்பது, பின் பொக்கட்டில் சாவிக் கொத்தோடு உட்காருவது, எல்லாம் ஒரே இடத்தில் வயரை மடித்து மடித்து ஒடித்து விடும்.

அடுத்தது, நமது குஷன் வேலை. லெதர் கவர் தைத்துப் போடும்போது, இறுக்குவதற்குப் போடும் கம்பி வளையம் விரிப்பைத் துளைத்து விடுவதுண்டு. சில இடங்களில் விரிப்பையே மடித்து உள்ளே தள்ளி விடுகிறார்கள். குஷன் வேலை செய்யும் சகோதரர்கள் கவர் போடும் முன்னும் பின்னும் ஹீட்டரைப் போட்டுக் காட்டி, பற்றுச்சீட்டில் ஒரு வரி எழுதிக் கொண்டால் பின்னால் வீண் வாக்குவாதம் இல்லை.

மூன்றாவது வெள்ளம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் எத்தனையோ வாகனங்கள் நீரில் நின்றன. கழுவி, காய வைத்து, வாசனை அடித்து சந்தைக்கு வந்தவையும் உண்டு. சீட்டுக்குக் கீழே உள்ள பிளக்குகளில் பச்சை படிந்திருப்பதும், தண்டவாளத்தின் ஆணிகளில் துரு இருப்பதும் வெள்ளத்தில் நின்றதற்கு நல்ல சாட்சி. சீட் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று குனிந்து பார்த்து, வாகனத்தின் முழுச் சரித்திரத்தையும் கண்டுபிடித்த சந்தர்ப்பங்கள் எனக்கு உண்டு. வாங்குபவர்கள் இதை ஒரு பரீட்சையாகவே வைத்துக் கொள்ளலாம்.

பியூஸோடு விளையாடாதீர்கள்

"15 அம்பியர் நிக்குதில்ல நானா, 30 ஒண்டு போட்டு விடுங்க" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பியூஸ் பாதுகாப்பது ஹீட்டரை அல்ல, வயரை. 15 அம்பியருக்கென்று போட்ட மெல்லிய வயரில் 30 ஐப் போட்டால், பியூஸுக்கு முன் வயர் எரியும். சீட்டுக்குக் கீழே தரைவிரிப்பு, அதற்கு மேலே பஞ்சு. மீதியை நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் தெரிந்து கொள்ளுங்கள். பியூஸ் எல்லா ஆபத்தையும் பிடிக்காது. விரிப்பு ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் மொத்த மின்சாரம் கூடாது, ஆனால் அந்த இடத்தில் மட்டும் சூடு குவியும். பியூஸுக்கு இது தெரியவே தெரியாது. என்னிடம் வந்த ஒரு வாகனத்தில் இப்படித்தான் நடந்தது. புதிய கவர் போட்டபோது மடிந்த விரிப்பின் மீது, நீரிழிவு நோயுள்ள வயதான தகப்பன் ஒருவர் நுவரெலியாவிலிருந்து கண்டி வரை உட்கார்ந்து வந்திருக்கிறார். நீண்டகால நீரிழிவு காரணமாக அவருக்குத் தொடையிலும் காலிலும் உணர்ச்சி குறைவு. சுடுவது தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளத்தைக் கண்டிருக்கிறார்கள். அந்தக் காயம் ஆறப் பல வாரங்கள் ஆனதாக மகன் சொன்னார்.

இது நமது ஊரில் மட்டும் உள்ள பிரச்சினையல்ல. உணர்ச்சி குறைந்தவர்கள் சீட் ஹீட்டரால் தீக்காயம் படுவது பற்றி அமெரிக்காவில் 2011 இலேயே தீக்காய வைத்தியர்களும் பாதுகாப்பு ஆய்வாளர்களும் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். 2014 ஜனவரியில், சீட் ஹீட்டரில் பாவித்த துணி தீப்பற்றும் தன்மை பற்றிய அந்நாட்டு விதிக்கு அமையவில்லை என்பதால் டொயோட்டா கம்பனி கம்ரி, கொரொல்லா உட்படப் பல மொடல்களின் விற்பனையை அங்கே தற்காலிகமாக நிறுத்தியது. அவ்வளவு பெரிய கம்பனியே ஒரு துண்டுத் துணிக்காக விற்பனையை நிறுத்துகிறதென்றால், மடிந்த விரிப்பைப் பார்த்தும் "பரவாயில்லை, ஓடும்" என்று நாம் அனுப்புவது எப்படி?

ஆகவே அறுந்த விரிப்பை ஒட்டுப் போட்டு அனுப்புவதை நான் செய்வதில்லை. வயரை முறுக்கிப் பற்ற வைத்தால் அந்த மூட்டு கடினமாகி, அதன் பக்கத்திலேயே மீண்டும் ஒடியும், இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் சுடும். காபன் இழையில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. விரிப்பை மாற்றுவதுதான் சரியான வைத்தியம். அந்த வாகனத்துக்குரியது கிடைக்காவிட்டால் பொதுவான விரிப்புகள் சந்தையில் இருக்கின்றன. ஆனால் அதற்கென்று தனி பியூஸும் ரிலேயும் தேர்மோஸ்டட்டும் இல்லாமல் போட வேண்டாம். எயார்பேக் இருக்கும் பக்கத்துக்கு விரிப்பை இழுக்கவும் வேண்டாம்.

கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு

கராஜ் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மவர்கள் சாமானுக்குக் காசு கொடுப்பார்கள், சோதனைக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று நாமே முடிவு செய்து வைத்திருக்கிறோம். அதனால்தான் கூலியைச் சாமானின் விலைக்குள் ஒளிக்கிறோம். ஒளிக்க வேண்டுமென்றால் சாமான் மாற்றியாக வேண்டும். தேவையில்லாத சீட் மாற்றங்கள் இங்கேதான் பிறக்கின்றன.

நான் வேலையைத் தொடும் முன்பே சோதனைக் கூலி இவ்வளவு என்று சொல்லி விடுவேன். பழுது எங்கே, எத்தனை வோல்ட், எத்தனை ஓம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். அந்தத் தாளைக் கொண்டு அவர் வேறு இடத்தில் வேலை செய்து கொண்டாலும் எனக்கு நட்டமில்லை. தொடக்கத்தில் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று அந்தத் தாளுக்காகவே வருகிறார்கள். மேலே சொன்ன நுவரெலியா வியாபாரி, எண்களைப் பார்த்த பிறகுதான் விற்றவர் மீது குற்றமில்லை என்று ஏற்றுக் கொண்டார். பிறகு தன் மருமகனுக்கும் அவரிடமே வாகனம் எடுத்தார்.

வசதியை விற்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு வெளியிலிருந்தும் ஒரு பாடம் இருக்கிறது. பீஎம்டபிள்யூ கம்பனி 2022 இல் சில நாடுகளில் சீட் ஹீட்டருக்கு மாதச் சந்தா வாங்கத் தொடங்கியது. சாமான் சீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் காசு கட்டினால்தான் சூடு வரும். வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 2023 இல் கம்பனி அந்த யோசனையைக் கைவிட்டது. ஏற்கெனவே தன்னுடையது என்று ஒருவர் நினைக்கும் ஒன்றுக்கு மறுபடி காசு கேட்டால் அவருக்கு வரும் கோபம் பெரியது. "ஹீட்டர் இருக்கு" என்று சொல்லி விற்ற வாகனத்தில் அது வேலை செய்யாவிட்டால் வரும் கோபமும் அதே வகைதான்.

எனவே விற்பவர்கள், வாகனத்தை ஒப்படைக்கும் முன் இரண்டு சுவிட்சையும் பத்து நிமிடம் போட்டு, கையை வைத்துப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் செய்யாது என்றே எழுதிக் கொடுங்கள். ஏல அறிக்கை பெரும்பாலும் பொடி, மைலேஜ், விபத்து ஆகியவற்றைத்தான் பேசும், சீட்டின் சூட்டை அல்ல. வாங்குபவர்கள், சுவிட்ச் விளக்கு எரிவதோடு திருப்தி அடையாமல் உட்கார்ந்து பாருங்கள், பிறகு குனிந்து பிளக்கையும் பாருங்கள். உதிரிப்பாகக் கடைக்காரர்கள், சீட் கேட்டு வருபவரிடம் "பிளக்கைப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு சீட் விற்பனை தவறலாம், அந்த ஆள் தவற மாட்டார். வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்கள் பக்கத்துச் சுவிட்சை நிறுத்தியே வையுங்கள்.

இன்று மாலை வாகனத்தில் ஏறும்போது அந்தச் சுவிட்சை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வேலை செய்தால் நல்லது. செய்யாவிட்டால் சீட்டுக்கு விலை கேட்கும் முன், பத்து நிமிடம் மீட்டரோடு குனியக்கூடிய ஒருவரைத் தேடுங்கள்.